புறக்கடைக் கோழிகளுக்கு ஏற்ற வீடு

நம் நாட்டில் கோழி வளர்ப்பு இரு வகையாக நடைபெற்று வருகிறது. ஆயிரக்கணக்கான கோழிகளை ஒரே கொட்டகையில் வைத்து, விலைக்கு வாங்கிய தீவனத்தைக் கொடுத்து வளர்க்கும் பண்ணைகள் ஒரு வகை. பத்துப் பதினைந்து கோழிகளை வீட்டின் பின்புறத்தில் மேயவிட்டு, களத்தில் சிந்திய தானியத்தையும் புழு பூச்சிகளையும் அடுப்படியில் மிஞ்சியவற்றையும் கொண்டே வளர்க்கும் குடும்பங்கள் மற்றொரு வகை. 2019ஆம் ஆண்டின் இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டின் கோழியினப் பறவைகள் ஏறத்தாழ 85 கோடி. இவற்றுள் சுமார் 32 கோடி புறக்கடையில் வளர்ந்தவை. முந்தைய கணக்கெடுப்பை நோக்கப் புறக்கடைப் பறவைகளின் தொகை நூற்றுக்கு 45 பங்குக்கு மேல் கூடியிருந்தது. நிலமில்லாத குடும்பத்துப் பெண்களுக்குத் தம் கையில் சிறிது பணம் புழங்கச் செய்யும் தொழில்களுள் இது முதன்மையானது.

பண்ணைக் கொட்டகை அமைப்பதைப் பற்றி விளக்க நூல்கள் பல உள்ளன. பத்துக் கோழிகளுக்கு எத்தகைய வீடு வேண்டும் என்பதைப் பற்றியோ சிறிதளவே பேசப்படுகிறது. கள ஊழியர்களும் கிராமப் பள்ளி ஆசிரியர்களும் தத்தம் ஊருக்குப் பொருந்தும் வீட்டைத் தேர்ந்தெடுக்க உதவும் செய்திகள் சில இங்கே தொகுத்துக் கூறப்படுகின்றன.

இழப்பு நேரும் விதம்

ஒரு குடும்பத்திற்கு நான்கு அல்லது ஐந்து வார வயதுள்ள குஞ்சுகள் இருபது வழங்கப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதம் கழித்து ஊழியர் அவ்வீட்டிற்குச் செல்லும்போது ஐந்தாறு கோழிகளே எஞ்சியிருக்கக் காண்கிறார். ‘இந்தச் சாதிக் கோழி நம் ஊருக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று வீட்டார் கூறுகின்றனர். சற்றுப் பொறுமையாக விசாரித்தால் வேறு செய்திகள் வெளிவரும். ஓர் இரவில் கீரி புகுந்து நான்கைக் கொன்றது. அடைமழையின்போது ஓரத்தில் ஒண்டி நனைந்தவை சில மாண்டன. வேறு சில ரத்தமாகக் கழிந்து இறந்தன. இவற்றுள் எதுவும் கோழியின் சாதியால் வந்த கேடன்று. பகலெல்லாம் நன்றாக மேய்ந்த கோழிக்கு இரவில் தக்க இருப்பிடம் இல்லாமையே இவ்விழப்புகளின் காரணமாகும்.

இத்தகைய இழப்பால் அழிவது கோழி மட்டுமன்று. முட்டையிடும் பருவம் நெருங்கும் வேளையில் கோழிகள் மாண்டால் அக்குடும்பத்தின் பல மாத உழைப்பு வீணாகிறது. ஊழியர் சொல்லும் அடுத்த யோசனையை அவர்கள் கேட்கவும் தயங்குவர். ஆதலால் குஞ்சுகளை வழங்குவதற்கு முன்னரே வீடு ஆயத்தமாக இருத்தல் வேண்டும். ‘முதலில் வீடு, பிறகு குஞ்சு’ என்பதை விதியாகவே கொள்ளலாம்.

காட்டுக்கோழி கற்பிக்கும் பாடம்

நம் வீட்டுக் கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி. இமயமலை அடிவாரத்துக் காடுகளிலும் வடகிழக்கு மாநிலங்களின் மூங்கிற் புதர்களிலும் அது இன்றும் வாழ்கிறது. பகலில் தரையைக் கிளறி மேயும். பொழுது சாய்ந்ததும் மரக்கிளையிலோ மூங்கிற் கழியிலோ ஏறி உறங்கும். முட்டையிடும்போது மட்டும் தரையில் மறைவான, வெளிச்சம் குறைந்த இடத்தை நாடும். வளர்ப்புக் கோழி இப்பழக்கங்களுள் எதையும் மறந்துவிடவில்லை.

கிளையில் உறங்கும் பறவைக்கு நான்கு பக்கமும் தூய காற்று கிடைக்கிறது. எச்சம் கீழே விழுந்துவிடுவதால் அது தன் கழிவின்மீது படுப்பதில்லை. தரையில் திரியும் விலங்குகளுக்கு அது எளிதில் எட்டுவதுமில்லை. எனினும் மழையினின்றும் மரமேறும் மரநாயினின்றும் கிளை அதனைக் காப்பதில்லை. கோழி வீடு என்பது மரத்திற்கு மாற்றாக நாம் அமைத்துக் கொடுப்பது. மரம் தரும் நன்மைகளைக் குறைக்காமல், மரம் தர இயலாத பாதுகாப்பைச் சேர்த்துக் கொடுக்கும் வீடே நல்ல வீடு. எந்தக் கூண்டைக் கண்டாலும் இவ்வளவுகோலைக் கொண்டு அதன் தரத்தை மதிப்பிடலாம்.

வழக்கிலுள்ள வீடுகள்

மூங்கிலாலோ பனையோலை ஈர்க்காலோ முடைந்த கூடையைக் கவிழ்த்துக் கோழியை அதனுள் அடைப்பது நாடெங்கும் காணப்படும் வழக்கம். தமிழ்நாட்டில் இதனைப் பஞ்சாரம் என்பர். குஞ்சுகளோடு கூடிய தாய்க்கோழியைப் பகலில் காக்கை, பருந்து ஆகியவற்றினின்றும் காப்பதற்கு இது மிக ஏற்றது. ஆனால் வளர்ந்த கோழிகள் பத்தை இரவெல்லாம் அடைத்து வைக்க இது போதாது. அமரும் கொம்பு இல்லாமையால் அவை எச்சத்தின்மீதே படுக்க நேரிடும்.

வீட்டுச் சுவரை ஒட்டி மண்ணாலோ செங்கல்லாலோ கட்டிய தாழ்ந்த அறை இரண்டாவது வகை. உறுதியாலும் காவலாலும் இது சிறந்தது. ஆயினும் ஒரு சாண் அகலமுள்ள வாயிலைத் தவிர வேறு திறப்பு இதற்குப் பெரும்பாலும் இருப்பதில்லை. உள்ளே காற்றோட்டம் இல்லை. கை நுழையாத மூலைகளில் எச்சம் ஆண்டுக்கணக்கில் இறுகிக் கிடக்கும். இத்தகைய அறையை இடிக்க வேண்டியதில்லை. மேற்புறத்தில் எதிரெதிராக இரு திறப்புகள் வைத்துக் கம்பி வலை அடித்து, ஒரு பக்கத்தைத் திறந்து மூடும் கதவாக மாற்றினால் அதுவே நல்ல வீடாகிவிடும்.

கோழிகளைக் குடும்பத்தார் உறங்கும் அறையிலேயே இரவில் அடைப்பது மூன்றாவது வழக்கம். திருடருக்கும் விலங்குகளுக்கும் அஞ்சியே இவ்வாறு செய்கின்றனர். அவர்கள் அச்சம் நியாயமானதே. எனினும் பறவைக் காய்ச்சல் இந்தியாவில் 2006ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்து நவாப்பூர் பகுதியில் முதன்முதலாக உறுதி செய்யப்பட்டது. 2008ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது மேற்கு வங்கத்தின் புறக்கடைக் கோழிகளிடையே பரவியது. மனிதரும் கோழியும் ஓர் அறையில் உறங்குதல் எத்துணை ஆபத்தானது என்பதை அந்நோய் உணர்த்தியுள்ளது. கூண்டு வீட்டிற்கு வெளியே இருக்கட்டும். ஆனால் கோழியின் அலறல் வீட்டாருக்குக் கேட்கும் தொலைவிலேயே இருக்கட்டும்.

கால்கள்மேல் உயர்த்தி நிறுத்திய கூண்டு நான்காவது வகை. தரையில் கூளம் பரப்பிய சிற்றறை ஐந்தாவது வகை. மேயும் கோழிகளுக்கு இரவு வீடாக நாம் பரிந்துரைக்கத்தக்கவை இவ்விரண்டுமே. இவற்றுள் எதைத் தேர்வது என்பதை அந்தந்த ஊரின் மழையும் வெயிலும் விலங்கும் முடிவு செய்யும்.

ஊருக்கு ஏற்ற தேர்வு

மழை மிகுந்த பகுதிகளில் கோழியின் முதற்பகை ஈரமே. ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிரியின் முட்டைகள் எச்சத்தோடு வெளியேறும்போது நோய் விளைக்கும் நிலையில் இருப்பதில்லை. ஈரமும் வெப்பமும் கிடைத்தால் அவை இரண்டொரு நாளில் அந்நிலையை அடைகின்றன. உலர்ந்த இடத்தில் அடைவதில்லை. ஆகவே உலர்ந்த தரை ஒரு மருந்துக்குச் சமமாகும். அசாமில் பிரம்மபுத்திராவின் வெள்ளச் சமவெளியில் வாழும் மிசிங் மக்கள் ‘சாங் கர்’ எனப்படும் கால்வீடுகளில் வாழ்கின்றனர். தரையினின்றும் உயர்ந்து, மூங்கிற் பிளாச்சுகளைத் தளமாகக் கொண்ட அவ்வீட்டின் அமைப்பே அங்குள்ள கோழிக்கும் ஏற்றது. பிளாச்சுகளுக்கிடையே முக்கால் அங்குல இடைவெளி விட்டால் எச்சம் கீழே விழுந்துவிடும். சிறு குஞ்சுகள் இருக்கும் காலத்தில் தளத்தின்மேல் சாக்கை விரித்தல் வேண்டும். இன்றேல் அவற்றின் கால்கள் சிக்கிக்கொள்ளும். கால்களின் உயரம், முன் ஆண்டுகளில் வெள்ளம் ஏறிய அளவுக்கு மேல் இருக்கட்டும்.

ராஜஸ்தான், விதர்பா, தெலங்கானா போன்ற வெப்பப் பகுதிகளில் நிலைமை வேறு. ராஜஸ்தானத்துப் பலோடியில் 2016ஆம் ஆண்டு மே மாதம் 51 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அதன் உடல் வெப்பம் 41 டிகிரி அளவில் இருப்பது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியே அது தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வேண்டும். வெற்றுத் தகரக் கூரை இட்ட தாழ்ந்த கூண்டு அதற்கு அடுப்பாகிவிடும். தடித்த விழற்கூரையோ ஓலைக்கூரையோ இடுதல் நன்று. தகரம்தான் உண்டென்றால் அதன்மேல் வைக்கோலையோ ஓலையையோ பரப்பிக் கட்டலாம். கூண்டின் நீளப்பக்கம் கிழக்கு மேற்காக அமைந்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில் மட்டுமே படும். வேம்பு, புங்கு போன்ற மரத்தின் நிழல் கிடைக்குமிடம் எல்லாவற்றிலும் சிறந்தது.

மத்தியப் பிரதேசத்து ஜாபுவா போன்ற காட்டோரப் பகுதிகளில் முதற்பகை விலங்கு. கரிய இறைச்சிக்குப் பெயர் பெற்று 2018ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கடக்நாத் கோழி இப்பகுதிக்குரியது; நல்ல விலை போகும் இக்கோழியை இழப்பது ஓர் ஏழைக் குடும்பத்திற்குச் சிறு இழப்பன்று. இங்கே கூரையைவிடக் கதவுக்கும் வலைக்கும் மிகுதியாகச் செலவிடுதல் அறிவுடைமை.

காஷ்மீர், இமாசலம், உத்தராகண்டம் ஆகிய குளிர்ப் பகுதிகளில் கூளம் பரப்பிய சிற்றறை பொருந்தும். திறந்த பக்கம் தெற்கு நோக்கி இருந்தால் குளிர்காலத்துச் சாய்ந்த வெயில் உள்ளே வரை விழும். குளிருக்கு அஞ்சித் திறப்புகள் அனைத்தையும் அடைத்துவிடுவது இப்பகுதிகளில் நேரும் தவறாகும். உலர்ந்த கோழி குளிரைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். மூச்சின் ஈரம் வெளியேறாமல் நனைந்த கோழி தாங்காது. ஆதலால் அமரும் கோழிகளின் தலைக்குமேல் காற்று செல்லும்படி கூரையை ஒட்டிய திறப்புகளை மூடாமல் விட வேண்டும்.

பத்துக் கோழிகளுக்கு ஓர் அளவு

பகலில் மேய்ந்து இரவில் மட்டும் அடையும் கோழி ஒன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு சதுர அடி தரை போதும். பத்துப் பெட்டைகளுக்கும் ஒரு சேவலுக்கும் 5 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள கூண்டு அமைக்கலாம். முன்புறம் 5 அடியும் பின்புறம் 4 அடியும் உயரம் இருந்தால் கூரை நீரை வடித்துவிடும். கூரை சுவருக்கு வெளியே இரண்டடி நீண்டிருந்தால் சாரல் உள்ளே அடிக்காது. நீளப் பக்கச் சுவர்களின் மேற்பகுதி, மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல், வலையிட்ட திறப்பாக இருத்தல் வேண்டும்.

அமரும் கொம்பில் கோழி ஒன்றுக்கு 8 அங்குல இடம் வேண்டும். இக்கூண்டில் 4 அடி நீளமுள்ள கொம்புகள் இரண்டு போதும். இரண்டும் ஒரே மட்டத்தில் இருத்தல் அவசியம். ஒன்று உயர்ந்தால் எல்லாக் கோழிகளும் அதற்கே போட்டியிட்டு, மெலிந்தவற்றைத் தள்ளிவிடும். விளிம்பு மழுங்கச் சீவிய, 2 அங்குல அகலமுள்ள சட்டம் காலுக்கு இதமானது. நாட்டுக்கோழிக்குத் தளத்தினின்றும் 2 அடி உயரம் பொருந்தும். ஐதராபாத்திலுள்ள கோழியின ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய வனராஜா போன்ற கனத்த கோழிகள் உயரத் தாவ இயலாதவை. அவற்றிற்குக் கொம்பைத் தாழ்த்தி, கூண்டின் வாயிலுக்குச் சாய்வான ஏணிப்பலகை ஒன்றும் வைக்க வேண்டும். அசில் வளர்ப்போர் சேவல்களைத் தனித்தனித் தடுப்பில் அடைத்தல் நலம்; இன்றேல் அவை ஒன்றையொன்று கொல்லவும் கூடும்.

ஐந்து பெட்டைகளுக்கு ஒன்றாக, ஓரடி நீள அகலமுள்ள முட்டையிடும் பெட்டிகள் இரண்டு போதும். காட்டுக்கோழி மறைவிடம் நாடுவதை நினைவிற்கொண்டு, இருள் சார்ந்த மூலையில், கொம்பைவிடத் தாழ்வாக அவற்றை வைத்தல் வேண்டும். கொம்பைவிட உயர்வாக வைத்தால் கோழிகள் பெட்டிக்குள்ளேயே உறங்கி அதனை அழுக்காக்கிவிடும்.

தரையறையாக இருந்தால் நெல் உமி, மரத்தூள், நிலக்கடலைத் தோல், நறுக்கிய வைக்கோல் ஆகியவற்றுள் எது மலிவோ அதை 4 முதல் 6 அங்குலக் கனம் பரப்பி, வாரத்திற்கு இரு முறையேனும் கிளறிவிடுதல் வேண்டும். கோழியின் எச்சத்தில் ஏறத்தாழப் பாதி இரவிலேயே, கொம்புக்கு நேர் கீழே விழுகிறது. அவ்விடத்தில் ஒரு பலகையோ தகடோ வைத்து நாள்தோறும் எடுத்துவிட்டால் கூளம் நெடுநாள் உலர்ந்திருக்கும். சேரும் எச்சமும் பழைய கூளமும் எருக்குழியில் மட்கி நல்ல உரமாகும்.

ஓட்டைகளும் வெடிப்புகளும்

கூண்டு எவ்வளவு உறுதியாயினும் அதிலுள்ள ஓர் ஓட்டையே அதன் காவலை அழித்துவிடும். பெரிய கண்ணுள்ள மெல்லிய அறுகோண வலை கோழியை உள்ளே நிறுத்துமேயன்றிப் பகையை வெளியே நிறுத்தாது. காட்டுப்பூனை அதனைக் கிழிக்கும். எலியும் பாம்பும் அதன் கண்வழியே நுழையும். அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பி வலையை அடித்தல் வேண்டும். செலவு செய்து வாங்கத்தக்க பொருள் இக்கூண்டில் ஒன்று உண்டென்றால் அது இவ்வலையே. மற்றவை யாவும் ஊரிலேயே கிடைக்கும். தரையறையாயின் நரியும் பெருச்சாளியும் பறித்துக்கொண்டு உட்புகாதபடி சுவரடியில் ஓர் அடி ஆழத்திற்குக் கல்லையோ வலையையோ புதைக்கலாம். கால்கூண்டாயின் ஒவ்வொரு காலிலும் வழுவழுப்பான தகரத்தை அகலமாகச் சுற்றினால் எலி ஏறாது. கதவுக்குக் கயிற்று முடிச்சு போதாது, தாழ்ப்பாள் வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத மற்றொரு பகை மரவெடிப்பில் ஒளிந்திருக்கிறது. கோழி உண்ணி பகலில் வெடிப்புகளில் பதுங்கி, இரவில் வந்து ரத்தத்தைக் குடிக்கும். அதனால் பகலில் கோழியின் உடலைச் சோதிப்பவர்கள் பெரும்பாலும் அதனைக் காண்பதில்லை. உணவின்றிப் பல மாதங்கள் உயிர்வாழ வல்லது அது. ஸ்பைரோகீட்டோசிஸ் என்னும் கொடிய காய்ச்சலையும் பரப்புவது. கோழிகள் காரணமின்றி வெளிறி மெலிந்தால் கொம்பின் முனைகளையும் சுவர் வெடிப்புகளையும் விளக்கொளியில் பார்க்க வேண்டும். கொம்புகளை ஆணி அடித்து நிறுத்தாமல் கழற்றி எடுக்கும்படி அமைத்தால், மாதம் ஒரு முறை கொதிநீர் ஊற்றி வெயிலில் காயவைக்கலாம். சுவர் வெடிப்புகளை மண் பூசி அடைத்துச் சுண்ணாம்பு அடிக்கலாம். உண்ணி மிகுந்துவிட்டால் தெளிக்க வேண்டிய மருந்தைக் கால்நடை மருத்துவர் கூறும் அளவிலேயே பயன்படுத்துதல் வேண்டும்.

நல்ல வீடு தடுப்பூசிக்கு மாற்றாகாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். குமாயூன் மலையிலுள்ள ராணிக்கேத் என்னும் ஊரின் பெயரால் வழங்கும் வெள்ளைக் கழிச்சல் நோய், எத்துணைத் தூய கூண்டிலும் புகக்கூடியது. ஆனால் மாலைதோறும் கூண்டில் அடையப் பழகிய கோழிகளைப் பிடித்துத் தடுப்பூசி போடுவது எளிது. மரத்திலும் கூரையிலும் சிதறி உறங்கும் கோழிகளைப் பிடிப்பதற்குள் ஊழியரின் காலைப்பொழுது கழிந்துவிடும்.

ஊழியரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

கூண்டின் வரைபடத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதைவிட, கோழிகளைப் பேணும் பெண்ணிடமே சில கேள்விகளைக் கேட்டறிதல் நலம். சென்ற ஆண்டு எத்தனை கோழிகள் இழந்தீர்கள், எதனால்? மழைக்காலத்தில் கொல்லையில் எங்கே நீர் தேங்குகிறது? எந்த விலங்கு வருகிறது? மூங்கில், மண், கல், ஓலை இவற்றுள் விலையின்றிக் கிடைப்பது எது? நாள்தோறும் கூண்டைத் துப்புரவு செய்ய உங்களுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்? இவ்வைந்துக்கும் வரும் விடைகளிலேயே வீட்டின் வகை அடங்கியிருக்கும். கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. வெளியே நின்றபடி அவர் கைக்கு எட்டாத எந்த மூலையும் கூண்டில் இருத்தலாகாது. எட்டாத மூலை ஒரு நாளும் துப்புரவாகாது.

ஆசிரியர்கள் மாணவர்களைக் கொண்டு எளிய சோதனைகள் இரண்டைச் செய்விக்கலாம். ஒரு பிடிக் கூளத்தை எடுத்து உள்ளங்கையில் இறுக்கச் செய்க. கையைத் திறந்ததும் உதிர்ந்தால் கூளம் நன்று; உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி. அடுத்து, விடியற்காலையில் கதவைத் திறந்தவுடன் கோழி அமரும் உயரத்தில் முகத்தை வைத்து முகரச் செய்க. கண் கரித்தால் அது அம்மோனியா வாயு. ஈரமான எச்சத்தினின்றும் எழுவது. நின்றபடி முகரும் நமக்குத் தெரியாத அவ்வாயுவைக் கோழி இரவெல்லாம் சுவாசித்திருக்கிறது என்பதை மாணவர்கள் தாமே கண்டறிவர். சோதனை முடிந்ததும் சோப்பிட்டுக் கைகழுவச் செய்தல் வேண்டும். கோழிகள் நோயுற்றிருந்தாலோ ஊரில் கோழிகள் திடீரெனப் பலவாக மாண்டிருந்தாலோ இச்சோதனைகளைச் செய்யாது, உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்தல் வேண்டும்.

பொழுது சாயும்போது கூண்டைப் பார்த்தாலே அதன் குணம் விளங்கும். யாரும் விரட்டாமல் கோழிகள் தாமாகவே உள்ளே சென்று கொம்பில் அமர்ந்தால், காட்டுக்கோழி கிளையில் பெற்ற வசதியை அவை அங்கே பெற்றுவிட்டன எனலாம். அவை கூரையிலும் மரத்திலும் ஏறி நின்று இறங்க மறுத்தால் குறை கோழியினிடம் இல்லை. வீட்டினிடமே அதனைத் தேட வேண்டும்.